நீலகிரியில் குடும்பத்தோடு ஒரு பண்பாட்டு உலா: அருங்காட்சியகம் முதலில், மந்து அடுத்து, விளையாட்டு கடைசியில்

உதகைக்குக் குழந்தைகளை அழைத்து வரும் குடும்பங்களில் பல, படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, சாக்லேட் கடை என்று ஒரே நாளில் ஓடி முடித்து, இந்த மலையில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே இறங்கிவிடுகின்றன. மிகவும் நலிவடைந்த பழங்குடியினர் என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்தப்பட்டுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகத்தாரும் வாழும் மாவட்டம் இது. அவர்களோடு, ஊர் ஊராகப் பரந்து வாழும் படகர்களும் இருக்கிறார்கள். இத்தனை பேருடைய வீடும் உடையும் இசையும் தொழிலும் ஒரு குழந்தையின் மனத்தில் பதிய வேண்டுமானால், பயணத்தின் வரிசையைச் சற்று மாற்றி அமைத்தாலே போதும்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பார்த்தவர்கள், பல ஊர்களிலிருந்து பிரித்து எடுத்து வந்து மீண்டும் கட்டப்பட்ட பழைய வீடுகளுக்குள் தாராளமாக நுழைந்து, திண்ணையில் உட்கார்ந்து, அடுக்களையை எட்டிப் பார்த்துப் பழகியிருப்பார்கள். அங்கே அது சரி, ஏனென்றால் அவை காட்சிக்காகவே நிற்கும் வீடுகள். நீலகிரியில் நீங்கள் பார்க்கப்போகும் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே புரியவைப்பதுதான் இந்த உலாவின் பாதி வேலை. கீழே சொல்லியிருக்கும் வரிசையும் அதற்காகவே அமைக்கப்பட்டது.

எப்போது வருவது, எப்படி ஏறுவது

ஏப்ரல், மே மாதங்களை மலையில் "சீசன்" என்பார்கள். மலர்க் கண்காட்சியும் கோடை விழாக் கலை நிகழ்ச்சிகளும் அப்போது நடப்பதால், தோடர், கோத்தர், படகர் ஆட்டங்களை ஒரே மேடையில் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கலாம். ஆனால் அதற்கான விலையாக வாகன நெரிசலையும், அறை வாடகை உயர்வையும், எங்கு சென்றாலும் வரிசையில் நிற்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கைக்குழந்தையோ முதியவர்களோ உடன் வருவதாக இருந்தால் செப்டம்பர் மாதமோ, பொங்கல் விடுமுறை முடிந்த பிறகான வார நாள்களோ ஏற்றவை என்பது என் கருத்து. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கச் சரிவுகளில் வலுத்துப் பெய்யும்போது மண்சரிவால் பாதை அடைபடுவது உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகாலையில் உறைபனி விழும் என்பதால் ஸ்வெட்டர், குல்லா, காலுறை மூன்றும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும்.

சொந்த வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் பெறாமல் புறப்பட வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்படுவதால், தேதி முடிவானவுடனேயே பதிவு செய்துவிடுவது நல்லது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இன்னொன்றையும் வீட்டிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும்: இந்த மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, நுழைவுச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், பெரியவர்களுக்கு வெந்நீர் வைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்க்கும் இருந்தால், வழியிலுள்ள தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

மலை ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் இயங்கத் தொடங்கி, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்த 46 கிலோமீட்டர் பாதையில் 16 குகைகளும் சுமார் 250 பாலங்களும் உள்ளன. கல்லாறுக்கு மேலே தண்டவாளங்களுக்கு நடுவில் ஓடும் பல் இருப்புப்பாதையைக் கவ்விக்கொண்டு, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதைப் பார்ப்பது எந்த வயதினருக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் ஏறினால் உதகையில் இறங்க நண்பகல் ஆகிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார வைப்பது பெற்றோருக்குத் தண்டனை. அத்தகைய குடும்பங்கள் குன்னூர் வரை சாலையில் வந்து, அங்கிருந்து வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகைக்குச் செல்லும் குறுகிய பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பகுதியில் டீசல் இன்ஜின்தான் இழுக்கும். குகையும் பாலமும் கேத்திப் பள்ளத்தாக்கும் குழந்தைக்குக் கிடைத்துவிடும், நீராவிப் புகை மட்டும் இருக்காது.

வந்து சேரும் நாளில் வேறெதையும் திட்டமிட வேண்டாம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து மூன்று மணி நேரத்தில் ஏறி வந்த பாட்டிக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதும், குழந்தைக்குப் பசி மந்தமாவதும் இயல்பே. ஒரு இரவு உறங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

முதல் நாள் காலை: முத்தோரை பாலாடா

உதகை நகரிலிருந்து எமரால்டு செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் முத்தோரை பாலாடா இருக்கிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக எம்.பாலாடா என்பார்கள். இருபுறமும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டுப் பாத்திகள் படிப்படியாக இறங்கும் இந்த வழியே ஒரு காட்சிதான். இங்கேதான் தமிழக அரசின் பழங்குடியினர் ஆராய்ச்சி மையமும் அதன் அருங்காட்சியகமும் உள்ளன. நகரின் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை, அதுவே இதன் சிறப்பு. அரசு நிறுவனம் என்பதால் வார நாளில், காலை 10 மணிக்கு மேல் செல்வது பாதுகாப்பு. விடுமுறை நாளாக இருந்தால், திறந்திருக்கிறதா என்று தங்கும் விடுதியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

உள்ளே வேட்டைக் கருவிகள், அணிகலன்கள், இசைக்கருவிகள், வீட்டுப் புழங்குபொருள்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவையும், வளாகத்தில் ஒவ்வொரு சமூகத்தின் குடிசை மாதிரிகளும் இருக்கின்றன. குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டி பெட்டியாக இழுத்துச் செல்வதால் பயனில்லை. பத்து நிமிடத்தில் சலித்துவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள்: "யாரிடமிருந்து யாருக்கு எது போனது?" இந்த மலையில் பணப்புழக்கம் வருவதற்கு முன்பு பண்டமாற்றுதான் சமூகங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தது. எருமை வளர்த்த தோடர்கள் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவிகளையும் மண்பானைகளையும் செய்து தந்ததோடு, பிற சமூகத்தாரின் சடங்குகளுக்கு இசையும் வாசித்தார்கள். உழவர்களான படகர்களிடமிருந்து தானியம் வந்தது. காட்டைத் தம் உள்ளங்கைபோல் அறிந்த குறும்பர்கள் தேனையும் மூலிகையையும் கொண்டுவந்தார்கள். ஒரு பானையைக் கண்டால் இது யார் செய்தது, யார் வீட்டு அடுப்பில் ஏறியது என்று தேடத் தொடங்கும் குழந்தை, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு உங்களைத் தொந்தரவு செய்யாது. கோத்தர்களிடையே பானை வனைபவர்கள் பெண்கள் என்பதைப் பெண் குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் பெருகும்.

வெளியே உள்ள தோடர் வீட்டு மாதிரியின் முன்னால் நிதானமாக நில்லுங்கள். பெரிய பீப்பாயை நெடுக்கில் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற கூரை, மூங்கிலையும் பிரம்பையும் வில்லாக வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்து அமைக்கப்படுகிறது. கூரையே இருபக்கச் சுவராகவும் தரை வரை இறங்கிவிடும். முன்பக்கத்தில் ஒரே ஒரு வாசல், அதுவும் ஏறத்தாழ மூன்றடி உயரந்தான் இருக்கும். பெரியவர்கள் மண்டியிட்டுத் தவழ்ந்தால்தான் நுழைய முடியும். ஏன் இவ்வளவு சிறியது என்று குழந்தை கேட்கும். குளிர் உள்ளே வராமலும், இரவில் காட்டு விலங்கு புகாமலும் இருக்கத்தான் என்ற விடையை உடனே சொல்லிவிடாமல், அதையே ஊகிக்க விடுங்கள். மாதிரி வீட்டுக்கு அருகில் குனிந்து பார்க்கவும், படம் எடுக்கவும், சத்தமாகக் கேள்வி கேட்கவும் இங்கே தடையில்லை. மந்துக்கு முன்னால் அருங்காட்சியகத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். குழந்தைகளின் ஆர்வமும், விரல் நீட்டிப் பேசும் பழக்கமும், "இவங்க ஏன் இப்படி?" என்ற வகைக் கேள்விகளும் இங்கேயே தீர்ந்துவிட்டால், பிற்பகலில் மனிதர்களை நேருக்கு நேர் பார்க்கும்போது அவை யாரையும் புண்படுத்தா.

பிற்பகல்: பூங்காவும் மந்தும்

மதிய உணவை நகரில் முடித்துக்கொண்டு அரசினர் தாவரவியல் பூங்காவுக்குச் செல்லலாம். 1848-ல் தொடங்கப்பட்டு, மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநரால் வடிவமைக்கப்பட்ட இந்தப் பூங்கா, சுமார் 22 ஹெக்டேர் பரப்பில் தொட்டபெட்டாவின் சரிவில் ஏறிச் செல்கிறது. கீழே உள்ள புல்வெளியில் குழந்தைகள் உருண்டு விளையாடட்டும். கல்லாகிப் போன 2 கோடி ஆண்டுப் பழமையான மரத்தண்டைக் காட்டுங்கள். பூச்செடிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவற்றை யாரும் தவறவிடுவதில்லை.

பூங்காவின் மேற்புறத்தில் தோடர்களின் மஞ்சக்கல் மந்து இருக்கிறது. இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் சாதாரணக் கட்டட வீடுகளில்தான் வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளைப் போலவே சீருடை அணிந்து பள்ளிக்குச் செல்கிறார்கள். இதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அருங்காட்சியகத்தில் பார்த்ததை அப்படியே எதிர்பார்த்து ஏமாந்துவிடுவார்கள். குடியிருப்பின் எல்லையில் நின்று, அங்கிருப்பவர்களில் மூத்தவரிடம் "வணக்கம்மா, உள்ளே வந்து பார்க்கலாங்களா?" என்று கேட்பது முதல் கடமை. அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். துக்க வீடாக இருக்கலாம், சடங்கு நாளாக இருக்கலாம். காரணம் கேட்பது நாகரிகமாகாது.

அனுமதி கிடைத்த பிறகும் சில வரம்புகள் உண்டு. கோயிலின் அருகே செல்லக் கூடாது. எருமையைச் சுற்றி அமைந்தது தோடர்களின் சமயம். பால் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில், அதற்குரியவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போவதில்லை. தோடப் பெண்களே போவதில்லை எனும்போது, நாம் எட்டிப் பார்ப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும். தோட எருமைகள் அகன்று வளைந்த கொம்புகளை உடையவை, புதியவர்களைக் கண்டால் மிரளக்கூடியவை. சமவெளி எருமையைத் தட்டிக்கொடுப்பது போலக் குழந்தைகள் அவற்றை நெருங்க விடாதீர்கள். வயதில் மூத்தவர் தம் காலை உயர்த்தி, குனிந்து வணங்கும் இளையவரின் நெற்றியில் வைத்து வாழ்த்துவது அவர்களுடைய வழக்கம். அதைக் காண நேர்ந்தால் பிள்ளைகள் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் காலில் விழுந்து ஆசி வாங்குவதும் அதுவும் ஒன்றுதான். முகத்தைப் படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், எடுத்த படத்தைக் காட்ட வேண்டும். குழந்தைகளுக்குச் சாக்லேட்டோ சில்லறையோ நீட்டுவது அவர்களைச் சிறுமைப்படுத்தும், அறவே வேண்டாம்.

பொருள் ஏதேனும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மனம் உறுத்தினால், பூத்துக்குளி இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடப் பெண்கள் இடும் இந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எதையும் துணியில் வரைந்துகொள்ளாமல், சட்டமும் மாட்டாமல், ஊடையிலும் பாவிலும் உள்ள இழைகளை விரலால் எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். துணியின் பின்புறத்திலிருந்து தைப்பதால், நூல் சிறு சிறு முடிச்சுபோல் மேலே எழும்பி நிற்கும் பக்கம் ஒன்றும், வழவழப்பான பக்கம் ஒன்றும் உண்டாகும். வாங்க வருபவர்கள் வழவழப்பானதைத்தான் நல்ல பக்கம் என்று எண்ணுவார்கள், தோடர்களோ மேடு தட்டும் பக்கத்தையே வெளியே தெரியப் போர்த்துவார்கள். குழந்தையின் கையைப் பிடித்து இரு பக்கங்களையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சால்வை ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதன் விலை உயர்வாகத்தான் இருக்கும், பேரம் பேசிக் குறைக்கப் பார்ப்பது அழகல்ல. செலவு கட்டுப்படியாகாதவர்கள் கைப்பை, கைபேசி உறை, மேசை விரிப்பு போன்ற சிறியவற்றை வாங்கலாம். தைத்தவரின் கையிலிருந்தே வாங்குவது எல்லாவற்றிலும் மேல். கடைகளில் இயந்திரத் தையலில் வந்த போலிகளும் தொங்குகின்றன. இழை எண்ணித் தைத்த துணியில் கோலம் துணியின் நெசவோடு ஒட்டி நேர்கோடாகச் செல்லும், பின்னால் ஒட்டுத்துணி இருக்காது.

திருவிழாக் காலத்தில் வருபவர்களுக்கு

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வருபவர்களுக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. தலைகுந்தாவை அடுத்த முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த் பண்டிகை அப்போது நடக்கும். கூம்பு வடிவக் கூரையுடைய மூன்போ கோயிலின் முன்னால், பல மந்துகளிலிருந்தும் வந்த ஆண்கள் கைகோத்து வட்டமாகச் சுழன்று, கருவி இசை எதுவும் இல்லாமல் குரலாலேயே தாளம் கொடுத்து ஆடுவார்கள். பிறகு இளைஞர்கள் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றித் தங்கள் வலிமையைக் காட்டுவார்கள். அதே பருவத்தில் கோத்தகிரிக்கு அருகே பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா நடைபெறும். வெள்ளுடை உடுத்திய மக்கள் ஊர் ஊராக வரிசையில் வந்து சேருவதைத் தொலைவிலிருந்து பார்த்தாலே தேயிலைச் சரிவில் ஒரு வெள்ளைக் கோடு நகர்வது தெரியும். ஜனவரியில் கோத்தர் ஊர்களில் அய்யனோர் அம்மனோர் திருவிழாவும் உண்டு.

இவை எதுவும் சுற்றுலாவுக்காக நடப்பவை அல்ல. தேதியை அவரவர் வழக்கப்படி முடிவு செய்வதால், உள்ளூரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெத்தையம்மன் விழாவுக்குச் செல்லும் ஆண்கள் வேட்டியும் வெள்ளைச் சட்டையும், பெண்கள் வெளிர்நிறப் புடவையும் உடுத்தி, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்வது மரியாதை. மொற்பர்த் நடக்கும் இடத்தில் காவலுக்கு நிற்பவர் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கேதான் நிற்க வேண்டும்.

விளையாட்டுக்கு ஒரு காலை

இவ்வளவும் படித்துவிட்டுக் குழந்தைகளுக்கு ராட்டினம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை மறுநாள் காலைக்கு ஒதுக்குங்கள். முதலில் விளையாட்டைக் காட்டிவிட்டால் அதன் பிறகு எந்த அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகள் முகம் கொடுக்க மாட்டார்கள். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரியில் இன்று சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் நடக்கிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, விசைப்படகு ஆகியவற்றோடு கரையில் சிறுவர் ரயிலும் விளையாட்டுச் சாதனங்களும் உள்ளன. திறந்தவுடன் சென்றுவிட்டால் வரிசை குறைவு, ஏரியில் காற்றும் குறைவு. சீசனில் பிற்பகல் மழை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதும் காலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். உயிர்காப்புச் சட்டையைக் குழந்தையின் அளவுக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குங்கள். தளர்வாகத் தொங்குவது எதற்கும் உதவாது.

முதியவர்கள் ஏரிக்கரையில் உட்கார இடம் இருக்கிறது. ஆனால் பூங்காவில் மந்து வரை ஏறும் சரிவு முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். அவர்களைக் கீழ்ப் புல்வெளியில் ஒருவர் துணையோடு அமர வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே செல்லலாம். தள்ளுவண்டியை அறையிலேயே விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொள்ளும் துணியில் தூக்கிச் செல்லுங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு வந்து பறிக்கும், முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள்.

இறங்கும் வழி

ஏறியது குன்னூர் வழியாக என்றால் இறங்குவது கோத்தகிரி வழியாக இருக்கட்டும். சீசனில் போக்குவரத்துக் காவல்துறையே பெரும்பாலும் அப்படித்தான் வாகனங்களைத் திருப்பிவிடும். கோத்தகிரியிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் உள்ள கன்னேரிமுக்கில், 1819-ல் இந்த மலைக்கு வந்த சல்லிவன் கட்டிய பங்களா புதுப்பிக்கப்பட்டு, நீலகிரியின் வரலாற்றைச் சொல்லும் சிறு அருங்காட்சியகமாக இருக்கிறது. அரை மணி நேரம் போதும். மலையின் மக்களை முதல் நாள் பார்த்த குழந்தைகளுக்கு, வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கே என்ன செய்தார்கள் என்பதன் மறுபாதி இங்கே கிடைக்கும். மலைத்தேன் வாங்க விரும்புபவர்கள் கோத்தகிரியில் பழங்குடியினரிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்து விற்கும் கடையை விசாரித்து வாங்கலாம். சாலையோரத்தில் தேனடையைப் பாத்திரத்தில் வைத்துக் காட்டி விற்பதை நம்பி வாங்க வேண்டாம்.

கோத்தகிரியை மாலை 4 மணிக்குள் விட்டுவிடுங்கள். இருட்டத் தொடங்கினால் தேயிலைத் தோட்டங்களிலிருந்து காட்டெருமைகள் சாலைக்கு வரும், குஞ்சப்பனைப் பகுதியில் யானை குறுக்கே நிற்பதும் உண்டு. இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பாதி வழியில் கருகல் வாடை அடிக்கும். குமட்டல் வரும் குழந்தையை நடு வரிசை இருக்கையில் சன்னலுக்கு அருகே, சாலையைப் பார்த்தபடி உட்கார வைத்து, புறப்படுவதற்கு முன் வயிறு முட்ட உண்ணக் கொடுக்காமல், ஒரு துண்டு வர்க்கி பிஸ்கட்டும் இஞ்சித் தேநீரும் மட்டும் கொடுத்தால் மேட்டுப்பாளையம் வரை பெரும்பாலும் தாங்கிவிடும்.